வில்பத்துவில் கூடாரம், புத்தளம் களப்பில் தூண்டில்: கொழும்பிலிருந்து முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கரையோரக் காட்டு நீர்நிலை ஒன்றின் ஓரத்தில் கூடாரம் அடித்து, அதே நீரில் தூண்டில் போட்டு, பிடித்த மீனை அங்கேயே சுட்டு உண்ண வேண்டும் என்ற ஆசையோடுதான் கொழும்பிலிருந்து பெரும்பாலானோர் புறப்படுகிறார்கள். தேசிய பூங்காவுக்குள் அந்த ஆசைக்குச் சட்டத்தில் இடமில்லை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் கூடாரம் அடிக்க இடம் தரும். மீன் பிடிக்க விடாது. புத்தளம் களப்பில் தூண்டில் போடலாம். ஆனால் அங்கே இரவு தங்கும் இடத்தை நீங்களே ஒழுங்குசெய்ய வேண்டும். இந்த ஒரு விடயத்தைத் தொடக்கத்திலேயே யாரும் தெளிவாகச் சொல்லாததால் எங்கள் குழு அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். முதற்படியை முடிக்காமல் இரண்டாம் படிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

1. தங்கும் இடத்தையும் மீன்பிடிக்கும் இடத்தையும் முதலில் பிரியுங்கள்

வில்பத்து தேசிய பூங்காவும் புத்தளம் களப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. கலா ஓயா களப்பில் விழும் இடத்தில் ஆற்றின் தென்கரையில் கங்கேவாடிய என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. வடகரையில் பூங்கா தொடங்கிவிடுகிறது. வரைபடத்தில் ஒரு விரல் அகலம் கூட இல்லாத இந்தத் தூரம் சட்டத்தில் மிகப் பெரிய தூரம். தென்கரையிலிருந்து படகில் புறப்பட்டு, வடகரையின் கண்டல் நிழலில் இறங்கிச் சமைத்துவிட்டு வரலாம் என்று எவராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அனுமதியின்றிப் பூங்காவுக்குள் நுழைவதே 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். படகோட்டி மட்டுமல்ல, படகில் இருக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஆகவே பயணத்தை இரண்டு பகுதிகளாகத் திட்டமிடுங்கள். ஓர் இரவு பூங்காவுக்குள் திணைக்களத்தின் கூடாரத்திடலில். மறுநாள் கற்பிட்டியிலோ கங்கேவாடியவிலோ தங்கி, களப்பில் தூண்டில். இந்த வரிசையையே நான் பரிந்துரைக்கிறேன். களப்பை முதலில் வைத்தால், மீன் வாடை ஏறிய பெட்டிகளோடும் உடைகளோடும் கரடியும் சிறுத்தையும் உலவும் காட்டுக்குள் இரவு தங்க வேண்டியிருக்கும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கடற்கரை வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து அங்கேயே கூடாரம் அடிக்கலாம் என்று தோன்றும். அந்த மணலின் பெரும்பகுதி கரைவலைப் பாடுகளாக, அதாவது கரையிலிருந்து வலை இழுப்பதற்கான எல்லைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விடியற்காலையில் வலை இழுக்கும் தொழிலாளரின் வழியில் உங்கள் கூடாரம் நிற்பது அவர்களின் அன்றைய வருமானத்தைப் பாதிக்கும். கரையில் தங்கியே ஆக வேண்டுமானால் தனியார் காணி உரிமையாளர் ஒருவரின் சம்மதத்தைப் பெற்று, அப்பகுதிக் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் பெயர்ப்பட்டியலோடு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

2. மாதத்தைத் தெரிவுசெய்யுங்கள்

பெப்ரவரியும் மார்ச்சும் இரண்டு பகுதிகளுக்கும் பொருந்தும் மாதங்கள். ஏப்ரல் நடுப்பகுதி வரையும் சமாளிக்கலாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில்தான் வில்பத்துவின் வில்லுகள் எனப்படும் இயற்கைக் குளங்கள் நிரம்புகின்றன. அந்த மாதங்களில் காட்டுப் பாதைகள் சேறாகி, ஜீப்பும் புதையும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கற்பிட்டியில் கடுமையாக வீசும். பட்டச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் தேடி வரும் காற்று அது, தூண்டிற்காரருக்கு ஆகாது. ஆழங்குறைந்த களப்பில் எழும் குறுகிய அலைகள் சிறு படகை இடைவிடாமல் தட்டும். தூண்டில் நரம்பில் மீன் கொத்துவதைக் கையில் உணரவே முடியாது. விலங்குகளைப் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால், நீர் வற்றி அவை வில்லுகளைச் சுற்றிக் கூடும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பூங்காவுக்கு மட்டும் சென்று வாருங்கள்.

தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக்களின்போது, குறிப்பாக ஜூலை இறுதி, ஓகஸ்ட் தொடக்கத்தில், பாலாவி முதல் கற்பிட்டி வரையான வீதி யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும், தங்குமிடமும் கிடைக்காது. போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதிகளையும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையையும் தவிர்த்து, முடிந்தால் அலுவலகத்தில் ஒரு வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுங்கள். இந்த இரண்டு நாள் விடுப்பு மிச்சப்படுத்தும் சிரமம் அதிகம்.

3. கூடாரத்திடலுக்கான அனுமதி

பயணம் கூடுவதும் குலைவதும் இந்தப் படியில்தான். கூடாரத்திடல்களை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் இணைய முன்பதிவு மூலமோ, பத்தரமுல்லை ஜயந்திபுர வீதியிலுள்ள தலைமை அலுவலகத்தின் ஊடாகவோ ஒதுக்கிக்கொள்ளலாம். பூங்கா வாயிலில் போய் நின்று இரவுத் தங்கலுக்கு அனுமதி கேட்பதில் பயனில்லை. வாயிலில் பகல் நுழைவுச்சீட்டுக்குத்தான் வழி உண்டு. சிறு பிள்ளைகளோடு கூடாரமும் சாமான்களும் ஏற்றி வந்த ஒரு குடும்பம் வாயிலிலிருந்து திரும்பிச் செல்வதை நாங்கள் பார்த்தோம். அவர்களுக்கு இடம் ஒழுங்குசெய்து தருவதாகச் சொன்ன இடைத்தரகர் முற்பணத்தை வாங்கிக்கொண்டு, பகல் நுழைவுச்சீட்டுக்கான ஏற்பாட்டை மட்டுமே செய்திருந்தார்.

இடைத்தரகர் மூலம் செல்வதானால், அனுமதிப் பத்திரத்தின் பிரதியைப் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்குங்கள். அதில் நான்கு விடயங்களைச் சரிபாருங்கள்: கூடாரத்திடலின் பெயர், தங்கும் திகதி, ஆட்களின் எண்ணிக்கை, நுழைய வேண்டிய வாயில். கடைசி விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிரதான வாயில் புத்தளம்-அநுராதபுரம் வீதியிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் உள்ளே, ஹுனுவிலகமவில் இருக்கிறது. மற்றொரு வாயில் புத்தளத்துக்கு வடக்கே எழுவன்குளத்தில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வெளிவீதியால் சுற்றிச் செல்வதற்குள் முற்பகலின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

பூங்கா காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். இருள் சூழ்ந்த பின் உள்ளே வாகனம் ஓட்டத் தடை. கூடாரத்திடல் வாயிலிலிருந்து வெகு தூரத்திலும் இருக்கலாம். மணற்பாதையில் ஜீப் மெதுவாகவே ஊரும். நண்பகலுக்கு முன் நுழைந்துவிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்து, விறகோ அடுப்போ வைக்கும் இடத்தை ஒழுங்குபடுத்த முடியும்.

திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் உங்களோடு வருவார், இரவிலும் உடனிருப்பார். அவருக்கான உணவையும் குடிநீரையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடாரத்தை எங்கே அடிப்பது, தீயை எங்கே மூட்டுவது, எப்போது அணைப்பது என்பவற்றில் அவர் சொல்வதே முடிவு. வாயிலில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். குழுவில் சிங்களம் சரளமாகப் பேசும் ஒருவரை முன்னிறுத்துங்கள். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதானால் தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்பு தரும் உரிமை. பதிலுக்கான காலத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

4. அடையாளப் பத்திரங்கள்

உள்நாட்டவர் கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணமும் ஒன்றல்ல. இடையிலுள்ள வித்தியாசம் பல மடங்கு, அதுவும் அமெரிக்க டொலர் அடிப்படையில் கணக்கிடப்படுவது. கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் இதில்தான் அடிக்கடி இடறுகின்றன. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்திருக்கும் மாமாவும் அத்தையும் இங்கே பிறந்தவர்களாக இருக்கலாம், வாயிலில் நன்றாகச் சிங்களமும் பேசலாம். கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் வெளிநாட்டவர் கட்டணமே அறவிடப்படும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அதற்கான சான்றிதழையும், இலங்கைக் கடவுச்சீட்டையோ தேசிய அடையாள அட்டையையோ எடுத்து வர வேண்டும். முன்பதிவு செய்யும்போதே அவர்களைச் சரியான பிரிவில் பதியுங்கள். வாயிலில் திருத்த முயன்றால் நேரமும் போகும், மனக்கசப்பும் வரும்.

மற்றவர்கள் எல்லோரும் தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். களப்பின் தீவுப் பக்கம் படகில் செல்லும்போது கடற்படையினரும் அதைக் கேட்கக்கூடும். கைப்பேசியில் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். வாகனத்துக்கு வருமான உத்தரவுப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம். அனுமதிப் பத்திரத்தையும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் கடதாசியில் அச்சிட்டு இரண்டு பிரதிகள் வைத்திருங்கள். ஹுனுவிலகமவைத் தாண்டிய பின் தொலைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது.

5. களப்பு: படகு, படகோட்டி, விதிகள்

கற்பிட்டியில் படகு தேடுவது எளிது, ஏனெனில் டொல்பின் பார்க்க அழைத்துச் செல்வோர் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வெளிக்கடலுக்கு டொல்பின் பார்க்கச் செல்வதும் களப்புக்குள் தூண்டில் போடுவதும் வெவ்வேறு வேலைகள். உங்களுக்கு வேண்டியவர் களப்பிலேயே தொழில் செய்து, எந்த மாதத்தில் எந்தக் கண்டல் ஓரத்தில் கொடுவா நிற்கும், எந்த வாய்க்காலில் செப்பலி ஒதுங்கும் என்று அறிந்தவர். மீன் இறக்கும் துறையில் விடியற்காலையில் போய் நின்று நேரடியாகப் பேசுங்கள். கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில் தமிழ் பேசும் மீனவர்கள் ஏராளம்; மரியாதையோடு ‘அண்ணன்’ என்றோ, முஸ்லிம் பெரியவரானால் ‘நானா’ என்றோ அழைத்துப் பேச்சைத் தொடங்கினால், விலையைவிடப் பெறுமதியான தகவல்கள் கிடைக்கும்.

செல்லும் நாளையும் படகோட்டியோடு பேசியே தீர்மானியுங்கள். கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிலுக்குப் போவதில்லை. முஸ்லிம் மீனவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கரை திரும்பிவிடுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் கூடுதலாக இருக்கும். நமது மேற்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவுதான் என்றாலும், களப்பின் ஒடுக்கமான வாய்க்கால்களில் அந்தச் சிறு அசைவே மீனை இரை தேடத் தூண்டும். பெருக்கு ஏறத் தொடங்கும் நேரம் எது என்று கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படகில் ஏறுங்கள்.

ஏறுவதற்கு முன் படகைப் பாருங்கள். பதிவிலக்கம் படகின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும், அது உங்கள் உடம்பில் இறுகப் பொருந்த வேண்டும். சிறுவர்களுக்குப் பெரியவர்களின் அங்கியை மாட்டிவிடுவது ஆபத்து. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேறு படகு தேடுங்கள்.

மீன்பிடியை 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் கட்டுப்படுத்துகின்றன. கையில் தூண்டில் கோலோடு பொழுதுபோக்குக்காகச் செல்லும் நீங்கள் அடிப்படையாக நினைவில் வைக்க வேண்டியவை சில. வெடிபொருளும் நஞ்சும் முற்றாகத் தடை. ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்துவதும் தடை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் அதைப் பயணப் பெட்டியில் கொண்டுவந்துவிடுவதுண்டு. தங்கூசி வலை எனப்படும் ஒற்றை இழை நைலோன் வலையைக் கையில் எடுக்காதீர்கள். சிங்கி இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் மூடிய பருவம். முட்டையோடு இருக்கும் சிங்கி எப்போதும் பிடிக்கத் தகாதது. கடலாமை, கடற்பசு எனப்படும் ஆவுளியா, டொல்பின் ஆகியவற்றைத் தொடவே கூடாது. பவளப் பாறைத் துண்டு கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்துவர வேண்டாம். குடாநாட்டுக்கு மேற்கே கடலில் இருக்கும் பார் ரீஃப் பவளப்பாறைப் பகுதி 1992 முதல் சரணாலயம். ‘கொஞ்சம் வெளியே போய்ப் போடுவோம்’ என்று படகோட்டி ஆர்வத்தில் சொன்னாலும் களப்பிலேயே இருந்துவிடுங்கள். உங்கள் பயணம் தொழில் அளவிலானதாகவோ, போட்டியாகவோ, பெரிய குழுவாகவோ இருந்தால் கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள கடற்றொழில், நீரியல் வளங்கள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு புறப்படுங்கள்.

சட்டத்துக்கு வெளியே ஒரு வேண்டுகோளும் உண்டு. களப்பில் மிதக்கும் ஒவ்வொரு அடையாளப் போத்தலின் கீழும் ஒரு குடும்பத்தின் நண்டு வலை இருக்கிறது. உங்கள் நரம்பு அதில் சிக்கினால் இழுத்து அறுக்காமல், படகை அருகே கொண்டுபோய்க் கையால் விடுவியுங்கள். சாண் அளவு கூட இல்லாத குஞ்சு மீனை ஈரக் கையால் பிடித்து நீரிலேயே விடுங்கள்.

6. செலவைக் கணக்கிடும் முறை

பூங்காப் பக்கத்தில் தலைக்கு நுழைவுக் கட்டணம், இரவுக்குக் கூடாரத்திடல் கட்டணம், குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம் என்று தனித்தனியாக வரும். இவற்றோடு பெறுமதி சேர் வரி 18 சதவீதம் சேர்வதால், வரிக்கு முந்திய தொகை 10,000 ரூபா என்றால் கட்டுவது 11,800 ரூபா. பட்டியலைப் பார்த்ததும் வரி சேர்ந்ததா, சேராததா என்று கேளுங்கள்.

ஆனால் மொத்தச் செலவில் பெரும்பங்கு ஜீப்புக்கே போகும். பூங்காவுக்குள் நாற்சக்கர உந்துகை உள்ள வாகனம் தேவை. வாடகை ஜீப்பாக இருந்தால் அரை நாள், முழு நாள், இரவுத் தங்கல் ஆகிய மூன்றுக்கும் மூன்று விலை. முழு நாள் விலையைப் பேசிவிட்டு இரவு தங்கினால் மறுநாள் காலையில் தகராறுதான் மிஞ்சும். பேசும்போதே ‘இன்று நுழைந்து நாளை வெளியேறுகிறோம், எரிபொருளும் சாரதியின் சாப்பாடும் சேர்த்து எவ்வளவு?’ என்று ஒரே வசனத்தில் கேட்டு, பதிலைக் கைப்பேசியில் எழுத்துச் செய்தியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஒரு ஜீப்பில் சென்றால் தலைக்குச் செலவு தாங்கக்கூடியதாகும். இரண்டு பேராகச் சென்றால் மிக அதிகமாகத் தெரியும்.

படகுக்கும் அதே முறை. மணித்தியாலக் கணக்கா, முழுக் காலைக்கா, பெற்றோல் சேர்த்தா, இரை சேர்த்தா என்று நான்கையும் கேளுங்கள். உயிருள்ள இறாலே களப்பில் சிறந்த இரை. அதன் விலை அன்றைய பிடியைப் பொறுத்தது. காட்டை நெருங்கிய பின் பணம் எடுக்க முடியாது என்று எண்ணி, தேவையான காசைப் புத்தளம் நகரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

7. சாமான்கள்

தூண்டில் சாமான்களைப் பூங்காவுக்குள் கொண்டுபோகாதீர்கள். வாயிற் சோதனையில் கோலும் கொளுக்கியும் கண்டெடுக்கப்பட்டால், பாவிக்கும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலை உங்களுக்கே வரும். ஜீப்புக்கு மாறும் இடத்தில், உங்கள் வான் நிற்கும் வீட்டிலோ விடுதியிலோ பூட்டி வைத்துவிட்டுச் செல்லுங்கள். மதுபானம், வளர்ப்பு நாய், ட்ரோன் ஆகியவற்றுக்கும் உள்ளே இடமில்லை. பொலித்தீன் உறைகளை வாயிலில் எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டைப் பாத்திரங்களில் அடைத்துச் செல்லுங்கள்.

குடிநீர் தலைக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர். சமைக்கவும் கழுவவும் தனியாக வேண்டும். வில்லு நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சில வில்லுகளில் நீரே உவர்ப்பு. விறகைக் காட்டில் பொறுக்காமல் எரிவாயு அடுப்பு கொண்டுபோவதுதான் நல்லது.

தூண்டிலைப் பொறுத்தவரை, புறக்கோட்டையிலோ நீர்கொழும்பிலோ வாங்கும் 7 அடிக் கோலும் 20 முதல் 30 இறாத்தல் தாங்கும் நரம்பும் களப்புக்குப் போதும். சீலாவின் பல் நரம்பைக் கத்தரிக்கும். கொளுக்கிக்கு மேல் சிறு கம்பித் துண்டு சேருங்கள். மீனின் வாயிலிருந்து கொளுக்கியைக் கழற்றக் குறடு ஒன்று மறக்காமல் வேண்டும்.

8. நாட்களின் ஒழுங்கு

முதல் நாள் அதிகாலை 4 மணிக்கு முன் கொழும்பை விட்டுப் புறப்படுங்கள். கட்டுநாயக்க அதிவேக வீதி, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று சென்றால் புத்தளம் வரை ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அங்கே காலைச் சாப்பாடும் தண்ணீரும் காசும் எடுத்துக்கொண்டு ஹுனுவிலகமவுக்குச் செல்லுங்கள். மறுநாள் காலையில் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் வெளியேறி, மீண்டும் புத்தளம் வந்து, நகருக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் திரும்பினால் கற்பிட்டி வீதி. அன்று மாலை கரையிலிருந்து தூண்டில். மூன்றாம் நாள் விடியலில் படகு. பேருந்தில் செல்வோர் புறக்கோட்டையிலிருந்து புத்தளம் வரை சென்று, அங்கிருந்து ஜீப்காரர் அழைத்துச் செல்ல முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

9. ஆபத்துகள்

கூடாரத்தை நீர்விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடியுங்கள். வில்லுகளில் சதுப்புநில முதலையும், ஆற்று முகத்துவாரத்தில் செம்மூக்கு முதலை எனப்படும் உவர்நீர் முதலையும் உண்டு. முழங்கால் நீரில் நின்று மீனைக் கழுவுவதும் குடலைக் கரையோரத்தில் வீசுவதும் அவற்றை அழைப்பதற்குச் சமம். பழங்களையும் உப்பையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். யானை வாசனையைத் தேடி வரும். இந்த உலர்ந்த மணற்பகுதியில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கின்றன. இரவில் சப்பாத்து இல்லாமல், மின்சூள் இல்லாமல் நடக்கக் கூடாது. காலையில் சப்பாத்தை உதறிவிட்டே அணியுங்கள்.

பிடித்த மீனிலும் கவனம் வேண்டும். பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது. அதன் நஞ்சு சூட்டில் அழியாது. திருக்கையின் வால்முள்ளும் கெளிற்றின் முட்களும் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் குத்துப்பட்ட இடத்தை அமிழ்த்தி வைத்தபடி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை அசைக்காமல் புத்தளம் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே செய்ய வேண்டியது.

அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992. இந்த நான்கு இலக்கங்களையும் ஒரு கடதாசியில் எழுதி, வீட்டில் இருப்பவர் ஒருவரிடமும் ஜீப் சாரதியிடமும் கொடுங்கள். கூடாரத்திடலின் பெயரையும் நீங்கள் வெளியேற வேண்டிய நேரத்தையும் அதே கடதாசியில் குறித்துவிடுங்கள்.